சம்பந்தியின் தேயிலை வட்டு

அன்புள்ள எபிக்கு,

நீயும் லின்னும் பாப்பாவும் நன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா கடிதம் எழுதுகிறாரா என்று உனக்குத் தூக்கிவாரிப் போடும். போனில் நமக்குள் நடக்கும் பேச்சு எனக்குத் தெரியாததா? "சாப்பிட்டியாலே?" "சாப்பிட்டேன்பா." "அங்க மழையா?" "மழைதான்பா." "சரி, அம்மாட்ட குடுக்கேன்." அவ்வளவுதான். இப்போது சொல்ல வேண்டியது அந்த அளவுக்குள் அடங்காது. போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது சமாதானம் சொல்வாய், அதுதான் சாக்கு என்று நானும் பாதியில் நிறுத்திக்கொள்வேன். அதனால் ராஜபாளையம் கடையில் உட்கார்ந்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா படம் பிடித்து அனுப்புவாள்.

அடுத்த மாதம் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது சம்பந்தியும் கூட வருகிறார் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். "கல்யாணத்துக்கு அவிய கொண்டாந்த தேயிலை வட்டுல பாதிய நம்ம வீட்ல குடுத்துட்டுப் போனாவல்லா, அதை எல்லாரும் சேர்ந்து குடிக்கணும்னு சொல்றாவ. பத்திரமா இருக்குல்லா?" என்று கேட்டாய். "இருக்குலே, எங்க போயிரும்" என்றேன். அது பொய். அந்த வட்டு பத்திரமாக இல்லை. அதை விடப் பெரிய தப்பு ஒன்றும் நான் செய்திருக்கிறேன், அது உங்கள் கல்யாணத்தன்று செய்தது. சம்பந்தி விமானம் ஏறுவதற்கு முன் இரண்டையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் என் மூக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அந்தத் திமிரில் வந்தது. முப்பத்தைந்து வருஷமாக டீத்தூள் விற்கிறேன். ராஜபாளையம் மில் கேட் கடைகளிலிருந்து மம்சாபுரம், வன்னியம்பட்டி வரைக்கும் பாய்லர் போட்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு என் கடைத் தூள்தான். மூடையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வாயால் ஊதிச் சூடாக்கி முகர்ந்தால் எந்த மழையில் கிள்ளியது, எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். என் தொழிலில் புதுசுதான் நல்லது. சாயம் கெட்டியாக இறங்க வேண்டும், பாலை ஊற்றினாலும் நிறம் நிற்க வேண்டும். ஈரம் பட்ட சரக்கு, மக்கிய வாடை அடிக்கிற சரக்கு கடைக்குள் வந்தால் எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும். சாம்பிள் எது வந்தாலும் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு, வெறும் வெந்நீர் ஊற்றி, பாலும் சீனியும் இல்லாமல் குடித்துப் பார்ப்பேன். கெட்ட சரக்கின் வாடை வெந்நீர் பட்டால் இரண்டு மடங்காகக் கிளம்பும், ஒளித்து வைக்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

நீ நாலாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மழையில் கடை டின் மூடியைத் திறந்துபோட்டுவிட்டாய். தூள் சவுத்துப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் ஆறேழு பேர் நிற்கும்போது உன் கழுத்தைப் பிடித்து டின்னுக்குள் தலையை அமுக்கி, "மோந்து பாருலே, நல்லா மோந்து பாரு" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ அழவில்லை. சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாய். அடித்திருந்தால் மறந்திருப்பாய், அது உனக்கு மறந்திருக்காது. நாலு பேர் முன்னால் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது எனக்குப் பழகிப்போன காரியம். அதைக் கறார் என்று பேர் வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பினாங்கில் ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னபோது இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அம்மா அழுது, போதகர் வந்து பேசி, கடைசியில் "என்னமும் பண்ணுங்க" என்றேன். அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் சொன்னது சம்மதத்தில் இல்லை, தோற்றுப்போன எரிச்சலில். அந்த எரிச்சல் கல்யாணம் வரைக்கும் என் வயிற்றுக்குள் இருந்தது.

சம்பந்தி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். ஒல்லியான மனுஷன், பினாங்கில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், கையெல்லாம் காய்ப்பு. மனைவி இல்லாமல் ஒற்றையாளாக மகளை வளர்த்தவர். நம் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்க, பையிலிருந்து பழைய காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பிரித்தால் கருப்பட்டி வட்டு மாதிரி, ஆனால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கறுப்பாக ஒரு தேயிலை வட்டு. இலைகளை ஆவியில் காட்டி அமுக்கிச் செய்தது, வருஷக்கணக்காக வைத்திருந்து குடிப்பது என்று லின் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். கல்யாணத்தன்று காலையில் நீங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டு, இரண்டு பக்கத்துப் பெற்றவர்களுக்கும் இந்தத் தேயிலையில் டீ கொடுக்க வேண்டும், அதை வாங்கிக் குடித்தால் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம், அது அவர்கள் வழக்கம் என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீக்காரன் வீட்டுக்கே டீ கொண்டுவந்திருக்கிறார்களே, இவன் என்ன சொல்வான் என்று பார்த்தார்கள்.

நான் முகர்ந்தேன். பழைய மர பீரோவைத் திறந்தால் வருகிற வாடை. அவ்வளவுதான், எனக்கு வாய்க்கொழுப்பு வந்துவிட்டது. "ஈரம் பட்ட சரக்குலா இது! நம்ம ஊர்ல இதை மாட்டுக்கு வப்போம், பேரு புண்ணாக்கு" என்றேன். ஹாலே அதிர்ந்தது. மம்சாபுரத்து அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எபி, அந்த மனுஷனும் சிரித்தார். என்ன சொன்னேன் என்று தெரியாமல், நல்லதுதான் சொல்லியிருப்பேன் என்று நம்பி, எங்களோடு சேர்ந்து தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். லின்னுக்கு அப்போது தமிழ் அரைகுறை. அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் காகிதத்தை மடித்து வட்டை மறுபடி சுற்றினாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அன்று மத்தியானமே உன் அத்தை அதில் ஒரு துண்டை அம்மியில் வைத்து இடித்து, பாலில் போட்டு, இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். நம் ஊரில் டீ என்றால் வேறு எப்படிப் போடுவார்கள்? சேற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். "இதையா கல்யாணத்துல குடிக்கச் சொல்றாவ? வயித்தால போயிரும்" என்று அடுப்படியில் நின்று சத்தம் போட்டேன். உன் அம்மா மட்டும் "நமக்குப் போடத் தெரியலியோ என்னமோ, விடுங்க" என்றாள். "ஏட்டி, டீயப் பத்தி எனக்கா சொல்லித்தாற?" என்று அவள் வாயையும் அடைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் சம்பந்தியே அடுப்படிக்குள் வந்து, லின்னை வைத்துக்கொண்டு தன் கையால் டீ தயாரித்து, சின்னக் கூஜா ஒன்றில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, கோட்டு மாட்டிக்கொள்ளப் போனார். அந்த இடைவெளியில் நான் உள்ளே போனேன். கூஜாவில் இருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். என் கடையின் முதல் தரத் தூளில் போட்டு வைத்திருந்த டிக்காஷனை வெந்நீர் விட்டு விளாவி அதில் நிரப்பினேன். யாரும் பார்க்கவில்லை. கல்யாண நாளில் நாலு பேருக்கு வயிறு கெட்டுவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஹாலுக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நீங்கள் மண்டியிட்டது உனக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் நான் உங்களைப் பார்க்கவில்லை, சம்பந்தியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லின் நீட்டிய கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கோப்பைக்குள் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் எனக்கு நேராகத் தலை குனிந்துவிட்டு, மீதி முழுவதையும் சொட்டு விடாமல் குடித்து, வெறும் கோப்பையை இரண்டு கையாலும் தட்டில் வைத்தார். "பாத்தியா, நம்ம டீக்கு மயங்கிட்டாரு" என்று உன் அம்மா காதில் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது சம்பந்தி அந்த வட்டைச் சரிபாதியாகப் பிளந்து ஒரு பாதியை நம் வீட்டுக்குக் கொடுத்தார். அதை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. கடைக்குக் கொண்டுவந்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று வருஷமாக அது எனக்கு வேடிக்கைப் பொருள். தூள் வாங்க வருகிறவர்களிடம் "இங்க வாரும், சீனாப் புண்ணாக்கு மோந்து பாரும்" என்று நீட்டுவேன். கான்சாபுரத்துக்காரர் ஒருவர் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு போனார், நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பக்கத்தில்தான் மசாலா டீத்தூள் டின், ஏலக்காய், சுக்கு எல்லாம் இருக்கின்றன. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான், தெரிந்தே அதை அங்கே போட்டு வைத்திருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பும்போது சம்பந்திக்கென்று என் கடைத் தூள் இரண்டு கிலோ கேட்டு வாங்கிப் போவாய். அவர் தினமும் காலையில் அதைத்தான் குடிக்கிறார் என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "சீனாக்காரனையே என் தூளுக்கு அடிமையாக்கிட்டேன்" என்று கடையில் பெருமை அடித்தேன். இப்போது எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ கேட்டு நான் பொய் சொன்ன மறுநாள், மிச்சம் இருந்த துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் லின் வீடியோவில் கூப்பிட்டாள். நீ பாப்பாவுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போயிருந்தாய். "அத்தை, எங்கப்பா வர்றதுக்கு முன்னாடி ஒருதடவ போட்டுப் பாத்துருவோம், வாங்க" என்று ஆரம்பித்தாள். எபி, அந்தப் பெண் பேசுகிற தமிழைக் கேட்டாயா? உன் அம்மாவோடு பேசிப் பேசி நம் தெருப் பெண் மாதிரி பேசுகிறாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

உன் அம்மா பழக்கதோஷத்தில் அம்மிக்குப் போனாள். "ஐயோ அத்தை, இடிக்காதீங்க! இலை முறியக் கூடாது. ஓரத்துல இருந்து ஊசிய விட்டு நெம்புங்க, அதுவா பிரிஞ்சு வரும்" என்றாள் லின். மூடை தைக்கிற கோணூசியை எடுத்துக் கொடுத்தேன். நெம்பியதும் உள்ளேயிருந்து இலைகள் அடுக்கு அடுக்காக, முழுசு முழுசாகப் பிரிந்தன. தூளையே பார்த்த கண்ணுக்கு அது தேயிலையாகவே தெரியவில்லை. ஒரு சின்ன மூடிக் கோப்பையில் பாதிக்குக் குறைவாகப் போடச் சொன்னாள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உடனே கீழே கொட்டச் சொன்னாள். "மொத தண்ணி குடிக்கதுக்கு இல்ல. இம்புட்டு வருஷம் தூங்குன இலைய முகம் கழுவி எழுப்புறது." அந்த முதல் தண்ணீரில் குப்பென்று ஏலக்காய் அடித்தது. உன் அம்மா மறைக்கத் தெரியாதவள், "ஏலக்கா வாசமால்லா வருது தாயி" என்றாள். "எங்க வச்சிருந்தீங்க மாமா?" என்றாள் லின். "அடுப்படி அலமாரில" என்றேன். மறுபடியும் பொய். "பரவால்ல மாமா, மண்சட்டில துணிய மூடிக் காத்தாட வைங்க, கொஞ்சம் கொறையும்" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது தண்ணீர் ஊற்றி, பத்து எண்ணுவதற்குள் வடித்துவிடச் சொன்னாள். உன் அம்மா ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். பத்துக்குள் என்ன சாயம் இறங்கும் என்று நான் மனசுக்குள் நக்கலாக நினைத்தேன். கருப்பட்டிப் பாகு நிறத்தில் தெளிந்து இறங்கியது. குடித்தேன். கசப்பு இல்லை, துவர்ப்பு இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு மலையடிவாரத் தோப்புக்குள் நடந்தால் வருமே, அந்த வாசனை. முழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு இனிப்பு ஏறி வந்தது. நாக்கில் சீனி படவே இல்லை, இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று முழித்தேன். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஊறவிட்டு வடித்தோம். ஏலக்காய் போய்விட்டது, சுவை போகவில்லை. என் தூள் ஒரு கொதியில் தன் சீவனையெல்லாம் கக்கிவிட்டுச் சக்கையாகிவிடும். இது எட்டுத் தடவைக்கும் ஈடு கொடுத்தது. புதிதில் இது வாயில் வைக்க முடியாத கசப்பாக இருக்குமாம், காற்றோடும் ஈரத்தோடும் வருஷம் வருஷமாக இருந்து இருந்து இப்படி ஆகுமாம். ஈரம் பட்டால் சரக்கு கெட்டது என்று மட்டும் தெரிந்த எனக்கு இது புரிவதற்கு அறுபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது. அந்த வாசனை எனக்குப் புதிதில்லை என்பது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போதுதான் லின் சொன்னாள். "இது எங்கம்மா வாங்குனது மாமா. நான் பொறந்த மாசம் வாங்கி, என் கல்யாணத்துக்குன்னு சாடியில வச்சாவ. நான் ஏழாவது படிக்கும்போது அம்மா எறந்துட்டாவ. பொறவு அப்பாதான் வருஷா வருஷம் எடுத்து மோந்து பாத்துட்டு வைப்பாவ. ஒருநாளும் குடிச்சதில்ல." உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேப்பரைக் கீழே வைத்தேன். அந்த அம்மா தன் கையால் எடுத்து வைத்த பொருளையா நான் ஆட்டுக்கு ஒடித்துக் கொடுத்தேன்?

அதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. லின் சிரித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "கல்யாணத்தன்னைக்கு நீங்க கூஜால உங்க டீய மாத்தி ஊத்துனீங்கல்லா மாமா, எங்கப்பாவுக்கு அம்புட்டு சந்தோஷம். 'அவருக்குச் சோறு போடுற தொழில் அந்தத் தேயிலை. அதையே எடுத்து எனக்கு ஊத்தி, எம்பொண்ண ஏத்துக்கிட்டாரு. இதை விட மரியாதை என்ன இருக்கு'ன்னாவ. அதுனாலதான் தினமும் உங்க தூளையே குடிக்காவ." நீங்களும் மூன்று வருஷமாக அப்படித்தான் நம்பியிருக்கிறீர்கள். அப்பா முரடன், ஆனால் அன்று எவ்வளவு பெரிய காரியம் செய்தார் என்று உங்களுக்குள் பேசியிருப்பீர்கள். நான் "ம்" என்றேன், எபி. "ம்" என்று சொல்லி அந்த மரியாதையையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். திருடிய பொருளுக்குப் பரிசும் வாங்கின மாதிரி.

போனை வைத்த பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கோப்பைக்குள் விரிந்து கிடந்த இலைகளை ஒரு தட்டில் கொட்டி விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "அந்த மனுசன் உங்களச் சிரிச்சிக்கிட்டே காப்பாத்திருக்காரு. நீங்க அதுலயே ஒளிஞ்சிக்கிடலாம்னு பாக்கியளா?" என்றாள். ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். மிச்சத் துண்டு எலி இழுத்துப் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று கூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மிச்சம் இருக்கிற ஒரு கைப்பிடி இலையை இப்போது மண்சட்டியில் துணி கட்டி, அடுப்படிக்குத் தள்ளி, உன் பழைய அறையில் வைத்திருக்கிறோம். ஏலக்காய் இன்னும் முழுசாகப் போகவில்லை. நம் ஊர்க் காற்று வறண்டது, பினாங்கு மாதிரி ஈரம் இல்லை. மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு வரும்.

சம்பந்தி நிஜமாகவே அப்படி நம்பினாரா, இல்லை, உங்கள் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று அந்த ஒரு வாய்க்குள் யோசித்து அப்படி ஒரு அர்த்தம் கற்பித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாயில் மாற்றத்தைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு என் முகத்தில் இருந்தது தெரியாமலா போயிருக்கும்? எதுவானாலும் அவர் அந்த ஹாலில் மறுபடி உட்கார்ந்து, என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு, செத்துப்போன மனைவியின் தேயிலையைக் குடிக்கக் கூடாது. தெரிந்துகொண்டு வரட்டும். வர மனசில்லை என்றால் ஞானஸ்நானத்தை அங்கேயே வையுங்கள், நாங்கள் வருகிறோம். நாங்கள் வரவும் வேண்டாம் என்றால், சரி, உன் அம்மாவை மட்டும் அனுப்பி வைக்கிறேன். பேத்தியைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும், ஆனாலும் முறைத்துக்கொள்ள மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் பாப்பாவும் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவன் வீட்டார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவர்கள் எப்படிக் குடிக்கிறார்களோ அப்படி ஒரு தடவை குடித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சிரிக்கிறவர்கள் கூட்டம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எதையும் சொல்லாதே. உனக்கு என் மூக்கு வாய்த்திருக்கிறது, என் வாய் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை லின்னுக்கு வாசித்துக் காட்டு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சம்பந்திக்கு அவர் பாஷையில் சொல்லுங்கள். ஹாலில் எதற்குச் சிரித்தோம் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். நீ என் மேல் இரக்கப்பட்டு அங்கங்கே பூசி மெழுகப் பார்ப்பாய், அதனால்தான் மேலே எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அன்று காலை அடுப்படியில் அந்தக் கூஜாவின் மூடியைத் திறந்தேன் அல்லவா, ஆவி என் முகத்தில் அடித்தது. மக்கிய வாடை துளிக்கூட இல்லை. மழை ஓய்ந்த தோப்பின் வாசனை, இந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அதே வாசனை. அதுவரைக்கும் என் கைக்கு வந்த எந்தத் தேயிலையும் அதற்குப் பக்கத்தில் நிற்காது என்று என் மூக்கு அந்த நிமிஷமே சொல்லிவிட்டது. என் வீட்டுக் கல்யாணத்தில் என்னுடையதை விட நல்ல டீயா என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் தொட்டியில் கவிழ்த்தேன். அதனால் எபி, அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. தெரிந்துதான் செய்தேன்.

உன் அப்பா